சுத்தமல்லி விலக்கு

பழைய பேட்டை தாண்டினால்
தெருவிளக்குகள் வேலையை விட்டுவிடும்.
அதற்கப்புறம் நான், என் சைக்கிள்,
சேரன்மகாதேவி ரோடு.

மசூது பாய் கடையில் வாங்கின லைட்.
"ஒரு மைலுக்கு அங்கனயே நீங்க வாறது தெரியும்மா."
ஆயிரத்து நானூறு.
வீட்டில் நானூறு என்று சொன்னேன்,
ஆயிரத்தை இருட்டில் விட்டுவிட்டேன்.

அதுவரைக்கும் மூன்று வருஷம்
லாரிக்கு நான் ஓரத்து உடைமரம்,
மினி பஸ்ஸுக்கு ஒரு பள்ளம்,
கவர்மெண்ட் பஸ்ஸுக்கு அதுகூட இல்லை.
லைட் மாட்டின அன்றைக்குத்தான் எல்லோரும் பார்த்தார்கள்.
பார்த்த பிறகுதான் திட்டத் தொடங்கினார்கள்.

"ஏட்டி, சைக்கிளா ஓட்டுத, சப்பரமா இழுக்க?"
"கண்ண அவிச்சுப்போடுவா போல இருக்கே!"
"வீட்ல சொல்லிட்டு வந்துட்டியா?"

சொல்லிவிட்டுத்தான் வந்தேன், அண்ணாச்சி.
தோசைமாவு பிரிட்ஜில் இருக்கிறது,
புளிக்குழம்பைச் சூடு பண்ணிக்கொள்,
கணக்கு நோட்டில் காலையில் கையெழுத்துப் போடுகிறேன்,
கொல்லைக் கதவைப் பூட்டு.

ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவள் நான்.
ஒரு நாளைக்கு நாற்பது நெஞ்சு, ஐம்பது நெஞ்சு.
"மூச்சை நல்லா இழுங்க.
பிடிச்சுக்கோங்க.
அசையக் கூடாது."
ஒரு நொடி.
"விடுங்க."

லாரி ஓட்டுகிறவர்களும் வருவார்கள்,
தோள்பட்டை, முழங்கை, நெடுநாள் இருமல்.
சட்டையைக் கழற்றிவிட்டு
கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நிற்பார்கள்.
இவரா, நேற்றைக்கு முந்தின நாள்?
குரலைக் கேட்டு மட்டக்க முயல்வேன்.
ரோட்டில் நான் பார்த்தது இரண்டு வெளிச்சம்,
அவர் பார்த்தது ஒன்று.
இப்போது அவர் விலா எலும்பு பன்னிரண்டும் எனக்குத் தெரியும்,
முகம்தான் பழக்கமில்லை.

போன வியாழன், நரசிங்கநல்லூர் வளைவு.
எம்சாண்ட் லாரி ஒன்று பின்னாலேயே வந்தது,
முந்தவும் இல்லை, விடவும் இல்லை.
ஹை பீமில் என் நிழல் எனக்கு முன்னால்
பனை உயரத்துக்கு விழுந்து
கால்களை மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.
விட்டு விட்டு ஹாரன்.
பிறகு கையெடுக்காத ஹாரன்.
இடப்பக்கம் தார் முடிந்து ஒரு சாண் இறக்கம்,
அதற்குக் கீழே தண்ணீர் கட்டின வயல்.

மூச்சை இழுத்தேன்.
பிடித்தேன்.
அசையவில்லை.

முழங்கைக்கும் லாரிக்கும் நடுவே
ஒரு தோசைக்கரண்டி நுழையும், அவ்வளவுதான்.
ஈரமணல் கன்னத்தில் அப்பியது.
கிளீனர் பையன் தலையை நீட்டிக் கத்தினான்:
விளக்கு என்றானா, விலக்கு என்றானா?
இரண்டுக்கும் ஒரே நாக்குதான் அவனுக்கு.
அணைக்கச் சொன்னானோ, ஒதுங்கச் சொன்னானோ,
இல்லை,
இறங்கவேண்டிய ஊர் வருகிறது என்று
டிரைவரிடம்தான் சொன்னானோ.

பச்சைப் பலகைக்குக் கீழே கால் ஊன்றி நின்றேன்.
கை நடுக்கம் நின்றதும் கோபம் வந்தது.
லைட்டின் கழுத்தைத் திருகி
நேராக, ஆள் உயரத்துக்கு வைத்தேன்.
இனிமேல் எதிரே வருகிற எவனும்
கண்ணைப் பொத்திக்கொண்டு போகட்டும்.

எதிரே எவனும் வரவில்லை.
ரோடு திரும்புகிற இடத்தில் வெளிச்சம் திரும்பாமல்
நேரே கால்வாய்க் கரைக்குப் போனது.
அங்கே, வேட்டியைச் சுருட்டிக்கொண்டு,
குத்தவைத்திருந்தார் ஒருவர்.

"எம்மா! எம்மா!
லைட்ட அங்கிட்டுத் திருப்பு தாயி,
இங்கன ஒரு மனுசன் இருக்காம்லா!"

திருப்பினேன்.
தாருக்கு, பெடலுக்கு, என் செருப்புக்கு.
மன்னிப்புக் கேட்பதா வேண்டாமா என்று தெரியாமல்
மணியை மட்டும் ஒரு தடவை அடித்தேன்.

அதற்குப் பிறகு ஒரு தவளை,
நசுங்கின டீ கப்,
ஒரு முழம் ரோடு, இன்னொரு முழம்.
நெஞ்சில் பிடித்துவைத்திருந்தது
சிரிப்பாகத்தான் வெளியே வந்தது, வீட்டு முக்கில்,
சத்தமாக.

பின்னால் எவனோ ஹாரன் அடித்தான்.