ஓரம்

சிக்பேட்டை அச்சகத்தில் நான் வெட்டுகிறவன்.
ஒரே அழுத்தில் ஐந்நூறு தாள்.
அரை மில்லிமீட்டர் பிசகினால்
முதலாளி திட்டமாட்டார்,
கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார்.
அது திட்டைவிட மோசம்.

மகள் ஜெசிந்தாவுக்கு நான்கு வயது.
சட்டைப் பொத்தான் இன்னும் அவள் விரலுக்கு வசப்படவில்லை.
பென்சிலை உலக்கைபோல
முழுக்கையால் பிடித்து இடிக்கிறாள்.
கம்மனஹள்ளியில் விரல் பயிற்சி தருகிறவர் சொன்னார்:
கத்தரிக்கோல் இப்போது வேண்டாம், கிழிக்கட்டும்.
அந்தந்தப் பருவத்தில் கிடைப்பதைக் கொடுங்கள்,
பூவோ சருகோ விதையோ.

பருவத்துக்கு நான் எங்கே போவேன்?
லிங்கராஜபுரத்தில் எங்கள் இரண்டாம் மாடி ஜன்னலுக்கு வெளியே
தண்ணீர்த் தொட்டியும் கேபிள் வயரும்தான் காய்த்துத் தொங்குகின்றன.
எனக்குத் தெரிந்த பருவமெல்லாம்
கத்திக்கு அடியில் விழுகிற துண்டுகள்:
தை பிறந்தால் கல்யாணப் பத்திரிகை மஞ்சள்,
கையில் ஒட்டினால் ஞாயிறுவரை போகாத தங்கத்தூள்.
பிள்ளையார் சதுர்த்திக்கு முன்னால்
வசூல் ரசீதின் வெளிறிய ரோஸ்.
நவம்பரில் ராஜ்யோற்சவக் கொடிக்குச்
சிவப்பும் மஞ்சளும் மூட்டை மூட்டையாய்.
டிசம்பர் முழுக்கக் காலண்டர்.

பை நிறையக் கொண்டுபோய்க் கொட்டினேன்.
கிழித்தாள்.
சமையலறைவரை கேட்கும் அந்தச் சர்ர்ர்.
என் தொழிலில் அது விபத்தின் சத்தம்,
முதல் வாரம் ஒவ்வொரு சர்ருக்கும் எழுந்து நின்றேன்.

தாளுக்கு ஒரு நார்ப்போக்கு உண்டு.
அதன் வழியே இழுத்தால் நேராய் வரும்,
குறுக்கே இழுத்தால் கோணிக்கொண்டு போகும்.
எனக்கு அது பிடிபட ஒரு வருடம் ஆயிற்று.
இவள் மூன்றாம் நாளே
தாளைத் திருப்பிப் பிடித்து
"இப்பிடின்னா கேக்குது, இப்பிடின்னா கேக்கல" என்றாள்,
நாய்க்குட்டியைப் பற்றிச் சொல்வதுபோல.

ஆடி வந்தது.
கல்யாணம் இல்லை, பத்திரிகை இல்லை,
மெஷினுக்கு எண்ணெய் விட்டுவிட்டு
சும்மா உட்கார்ந்திருக்கும் மாதம்.
அப்போது பார்த்து விளையாட்டுப் பள்ளியில்
மழைக்காலப் படம் கேட்டார்கள்.
கையில் இருந்தது
தாள்கட்டுகளைச் சுற்றிவரும் பழுப்பு உறை மட்டும்.

அவள் குறை சொல்லவில்லை.
பழுப்பைக் கிழித்துக் கிழித்து
மைதாப் பசையில் ஒட்டினாள்.
ஹென்னூர் ரோட்டில் முட்டி வரை நின்ற தண்ணீர்,
அதற்குள் எங்கள் ஸ்கூட்டர்,
ஸ்கூட்டருக்குக் கீழே ஒரு மீன்.
அட்டையைத் தாண்டி நாலு பக்கமும் வழிந்தது வெள்ளம்.

அன்று இரவு தூக்கம் வரவில்லை.
பிசிறு பிசிறாய் அந்த ஓரம்
இருட்டிலும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.
எழுந்தேன். ஸ்கேல் வைத்தேன்.
பிளேடால் நாலே இழுப்பு.
முதலாளி பார்த்திருந்தால் கண்ணாடியைத் தொட்டிருக்கமாட்டார்.

காலையில் படத்தை எடுத்து
முன்னும் பின்னும் திருப்பினாள்.
"என் ஓரம் எங்கப்பா?"

அழுதிருந்தால் சமாளித்திருப்பேன்.
நேரே குப்பைக்கூடைக்குப் போனாள்.
டீத்தூள் அப்பிய துண்டுகளை
ஒவ்வொன்றாய்ப் பொறுக்கினாள்.
நூலைவிடக் கொஞ்சம் தடித்த கீற்று ஒன்று
கூடையின் பின்னலில் சிக்கிக்கொண்டது.
உள்ளங்கையால் அள்ளிப் பார்த்தாள், வரவில்லை.
அப்புறம்
கட்டைவிரலும் சுட்டுவிரலும்,
நுனியும் நுனியும் மட்டும்,
கிள்ளி எடுத்தாள்.

நான் மூச்சுவிடவில்லை.
ஏழு மாதமாய் அந்தக் கிள்ளலுக்குத்தான்
வெள்ளிதோறும் நானூறு ரூபாய் கட்டியிருக்கிறோம்.

டீக்கறையோடு திரும்ப ஒட்டினாள்,
வேறு வேறு இடத்தில்.
வெள்ளம் முன்பைவிட அகலமாயிற்று.
வேன் போய்விட்டது.
எனக்கு அரை நாள் கூலி போயிற்று.

ஸ்கூட்டரில் முன்னால் நின்றுகொண்டு
படத்தைக் காற்றுக்குக் கொடுக்காமல்
வயிற்றோடு அணைத்திருந்தாள்.
சிக்னலில் குனிந்து பார்த்தேன்:
கீழ்ப் பொத்தான் இரண்டும் அவளே போட்டது,
மாற்றிப் போட்டிருக்கிறாள்.
கை பரபரத்தது.
ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.