மயிரிழைப் பதிவேடு

கொம்பனித்தெரு, பேரை வாவிப் பக்கம்.
முப்பத்தொரு மாடிக்கு அனுமதி எடுத்து
பதினேழில் நிற்கிற கட்டடம்.
திங்கள் காலை ஏழேகால்.
கொள்கலன் பெட்டிக்குள் ஒரே ஒரு மின்விசிறி,
நாற்பத்திரண்டு பேர்,
அத்தனை பேரின் சப்பாத்து ஈரமும்.

திலும் சேர் சிங்களத்தில் சொல்லச் சொல்ல
நான் தமிழில் சொல்லவேண்டும்.
அதற்குத்தான் சம்பளம்.
வருகைப் பதிவும் பிளேன்டீக் கணக்கும் சும்மா.

இடுப்பிலும் தோளிலும் மாட்டுகிற வாருக்கு
அகராதி சேணம் என்றது.
குதிரை ஒன்றும் வரவில்லை என்பதால்
பெல்ட் என்றேன்.
கொக்கி இரண்டு.
ஒன்றைக் கழற்றுமுன் மற்றதை மாட்டியிருக்கவேண்டும்.
"எந்த நேரமும் ஏதாவதொன்று
உங்களைப் பிடிச்சுக்கொண்டிருக்கட்டும்"
இது நானாகச் சேர்த்தது.
சேருக்குத் தெரியாது.

ஒன்பதாவது படத்தில் அகப்பட்டுக்கொண்டேன்.
நடந்திருக்கும், ஆனால் நடக்கவில்லை.
யாருக்கும் காயமில்லை.
அதையும் எழுதவேண்டுமாம்.
தலைமையகத் தாளில் அதன் பெயர்
"அண்மித்த தவறுகை".
வாசித்தேன்.
வங்கிப் படிவத்தைப் பார்ப்பதுபோல
என்னைப் பார்த்தார்கள்.

"அதுதான், மயிரிழையில தப்புறது" என்றேன் அவசரத்தில்.
பின்பாதி வாயைவிட்டு வருமுன்னே
முன்பாதிக்குப் பின்வரிசை வெடித்துவிட்டது.
"மிஸ், என்ன சொன்னீங்க?"
ஏறாவூர் றிஸ்மின் கண்ணைத் துடைக்கிறான்.
ஏனென்று தெரியாமல் திலும் சேரும் சிரித்தார்.
எனக்குக் காது சுட்டது.

அந்தச் சிரிப்பின் வாலைப் பிடித்துக்கொண்டுதான்
கம்பி கட்டும் அருள்நேசன் சொன்னான்:
"அப்ப எனக்கும் ஒண்டு இருக்கு, மிஸ்.
வெள்ளிக்கிழமை, மேலயிருந்து ஒரு ஸ்பானர்.
காதுக்கும் தோளுக்கும் நடுவால போனது.
காத்துப் பட்டது."
ஏன் சொல்லவில்லை?
"காயமில்லையே."
கொஞ்சம் பொறுத்து,
"சொன்னா அரைநாள் வேலை நிக்கும்.
சம்பளமும்."

பிறகு வந்துகொண்டே இருந்தது.
லிப்ட் குழியை மூடிய பலகை, ஆணி இல்லை.
மழைத் தண்ணீருக்குள் வயர்;
பக்கத்தில் காகம் செத்துக் கிடந்தபடியால்
தூக்கிய காலை வைக்கவில்லை.
கொங்கிறீட் குழாய் உதறி
புஸ்ஸல்லாவைப் பழனிராஜின் ஹெல்மட் பறந்தது.
தலை சொறியக் கழற்றி வைத்திருந்தானாம்.
இதைப் பாராட்டுவதா ஏசுவதா என்று
திலும் சேர் பேனையோடு யோசித்தார்.

பங்குனியில் விழுந்த வரோதயனை
ஒருவரும் எடுக்கவில்லை.
அவன் இந்தக் கொப்பியில் வரமாட்டான்.
அவனுக்கு வேறு கொப்பி,
தடித்த அட்டை, தலைமையகத்தில் பூட்டியிருக்கிறது.

எல்லாரும் எழும்பிப் போனபிறகு
இரண்டு பேர் நின்றார்கள்.
அவன் விழ மூன்று நாள் முந்தி
அதே சாரம் ஆடியதாம்.
அதே மூலை.
இறங்கி, முகம் கழுவி,
தேத்தண்ணி குடித்தார்களாம்.

இதைச் சிங்களத்தில் சொல்ல
எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.
சொற்கள் எல்லாம் தெரிந்திருந்தும்.

பின்னேரம் ஒரு சியார் கொப்பி வாங்கி
அட்டையில் "மயிரிழை" என்று பெரிதாக எழுதி
வாசலில் தொங்கவிட்டேன்.
தலைமையகம் கண்டால் மாற்றச் சொல்லும்.
சொல்லட்டும்.

பேனை களவு போகுமென்று கயிறு கட்டியிருந்தேன்.
காலையில் வந்து பார்த்தால்
யாரோ
இரண்டாவது கயிறும் கட்டியிருந்தார்கள்.