நீல நாடா

களியக்காவிளையில் பஸ் நின்றதும்
கடைப்பலகைகளில் எழுத்து மாறுவதைப் பார்த்து
"எல்லை எங்கே?" என்றார் கெர்ஹார்ட்.
மீன்சந்தைக்கும் மருந்துக்கடைக்கும் நடுவில்
எங்கேயோ, என்றேன்.
இறங்கித் தேடினார்.

ஸ்டையர் ஊரில் ஓராண்டு
இவர்கள் வீட்டு மாடியறையில் இருந்தேன்.
குப்பைக்கு நான்கு தொட்டி.
ராத்திரிக்கு ஆறிய ரொட்டி.
ஞாயிறு துணி துவைத்தால்
பக்கத்துவீடு முகம் சுளிக்கும்.
போன அன்றே
நீல நாடாவில் கோர்த்து
வாசல் சாவியைக் கையில் வைத்தார் வால்ட்ராட்.
எப்போது வருவாய் என்று
ஒருநாளும் கேட்டதில்லை.
முதல் மாதம் அதை
அன்பில்லாமை என்று நினைத்து அழுதேன்.

இங்கே அம்மா
மரச்சீனியும் சாளைக்கறியும் வைத்து
"இன்னும் கொஞ்சம்" என்று
தமிழிலேயே ஊட்டாத குறை.
கொடியில் கிடந்த ரப்பர் ஷீட்டை
முகர்ந்து பார்த்துத் தும்மினார் கெர்ஹார்ட்.

சாயங்காலம்
சந்தைவரை தனியாய் நடக்கப் புறப்பட்ட வால்ட்ராட்
என்னிடம் கையை நீட்டினார்:
"சாவி?"

அப்பா சிரித்தார்.
சாவி எதுக்கு, வீட்ல எப்பவும் ஆளுண்டுன்னு
சொல்லு மக்களே.
சொல்லத் தொடங்கினேன்.
'ஏனென்றால்' என்று ஆரம்பித்தால்
ஜெர்மனிலும் நம்மைப்போல
வினைச்சொல் கடைசியில்தான்.
அது வரவேயில்லை.

இருபத்தேழு வயது.
இந்த வீட்டுக்கு
என்னிடமும் சாவி கிடையாது.

ஸ்டையர் சாவி
என் பைக்குள்தான் இருக்கிறது, நாடாவோடு.
திருப்பித்தர மறந்துவிட்டேன் என்று
அவர்களிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.