எட்டாவது தவணை

எட்டாவது தவணை கட்டிய மறுநாள்
அது செத்துப்போனது.
சிவப்பு விளக்கு மூன்று முறை இமைத்தது,
உள்விசிறி ஒரு நீண்ட மூச்சை இழுத்துப் பாதியில் விட்டது,
திரையில் என் ஆள்
பாலத்தின் நடுவே ஒரு காலைத் தூக்கியபடி நின்றான்.
இன்னும் நான்கு தவணை பாக்கி.
ரெசிஃபியில் பிணத்துக்கும் வாடகை உண்டு.

கம்பெனிக்குப் போன் செய்தேன்.
சாவோ பாவ்லோவிலிருந்து ஒரு தேன்குரல்
எந்த ஊர் என்றது. சொன்னேன்.
"கடலோரமா? அப்படியானால் ஈரப்பதச் சேதம்.
உத்தரவாதத்தில் அது வராது.
வேண்டுமானால் அனுப்புங்கள், ஆறு வாரம் ஆகும்."
ஈரமில்லாத காற்று
இந்த ஊரில் எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்டேன்.
இசை போட்டுவிட்டாள்.
பத்தொன்பது நிமிடம்.
நல்ல இசைதான், ஆட்டத்திலிருந்து எடுத்தது.

அதற்கு முன்பே கைப்பிடிக்கு நோய்.
இடது குமிழ் தானாகச் சாயும்.
யாரும் தொடாமலே என் ஆள் இடப்பக்கம் நடப்பான்,
வேலி வரும்,
வேலியில் முட்டிக்கொண்டே நடப்பான்.
குமிழுக்கு அடியில் ஒரு கறுப்புப் பட்டை தேய்கிறது,
நகக்கண் அளவு, அவ்வளவுதான்.
அதை வரைந்தவனுக்குத் தெரியும்,
விற்றவனுக்குத் தெரியும்,
பஞ்சில் சாராயம் தொட்டுத் துடைக்கும் எனக்கும் தெரியும்.
மூவரில் பணம் கொடுத்தது நான் மட்டும்.

திருகாணியின் மேல் ஓர் ஒட்டுத்தாள்:
கிழித்தால் நாங்கள் பொறுப்பல்ல.
கிழித்தேன்.
கிழிக்காதபோது மட்டும் என்ன பொறுப்பு வாழ்ந்தது?
ஐஸ் ஆலையில் எனக்கு இரவு வேலை.
குளிர வேண்டிய எந்திரம் எப்படிச் சாகும் என்று
யாரும் சொல்லித்தர வேண்டாம்.
சில்லின் மேல் பசை காய்ந்து சுண்ணாம்பாகியிருந்தது.
ஐந்து ரெயால் பசை.
மாற்றியதும் எழுந்து உட்கார்ந்தது,
எல்லாவற்றையும் மறந்துவிட்டு.

இருநூற்றுப் பன்னிரண்டு மணி நேரம்.
நான் எழுப்பிய மதில், வளர்த்த ஆடுகள்,
பெயர் வைத்த குதிரை.
சரி, முதலிலிருந்து தொடங்கலாம் என்றால்
அந்த ஆட்டத்தை இப்போது விற்பதில்லை.
இணையக் கடையை இழுத்து மூடிவிட்டார்கள்,
காசு கொடுத்து வாங்கியவளுக்கும் மறுபடி இறங்காது.

ஆகவே வாண்டர்லேயிடம் போனேன்.
சனிச்சந்தையில்
இறால் பொரிப்பவளுக்கும் கடிகாரம் பார்ப்பவனுக்கும் இடையில்
அவன் மேசை.
பத்து ரெயாலுக்கு நகல்.
அன்று மேசை கவிழ்ந்து கிடந்தது.
நான்கு போலீஸ், ஒரு புகைப்படக்காரன்,
விமானத்தில் வந்திறங்கிய வக்கீல் ஒருவர்.
காலையில் புகாராம், மாலையில் ஆள் வந்தாயிற்று.
என் பெட்டிக்கு ஆறு வாரம் கேட்டவர்கள்!

காப்புரிமை என்றார் வக்கீல்.
காப்பு அவன் கையில் ஏறியது.
உரிமை அவர் பையிலேயே இருந்தது.

வாண்டர்லே புனிதன் இல்லை.
ஒலிண்டாவில் ஒரு மாடியறையில்
நான்கு பேர் நான்கு வருடம் செய்த ஆட்டத்தை
வெளிவந்த மூன்றாம் நாள் மேசையில் பரப்பினான்.
அந்த நால்வரில் தலீத்தா என்னோடு படித்தவள்.
ஆட்டத்தில் குரைப்பது அவள் வீட்டு நாய்தான்,
எலும்பு காட்டிப் பதிவு செய்தாள்.
முதல் மாதம் விற்றவை அறுபத்து மூன்று.
நகல் எத்தனை என்பது
வாண்டர்லேக்குத்தான் வெளிச்சம்.
அதைக் கேட்க எந்த விமானமும் இறங்கவில்லை.
அவனிடம் இதைச் சொன்னபோது
இறாலை மென்றபடி, "அவளும் வரட்டும், ஒன்று இலவசம்" என்றான்.
அந்த நொடி நானே போலீஸாக இருந்தால் தேவலை என்றிருந்தது.

அறுபத்து மூன்றில் இரண்டு என்னுடையவை.
ஒன்று எனக்கு. இன்னொன்று எதற்கென்று தெரியவில்லை.

இன்று ஒன்பதாவது தவணை கட்டினேன்.
வங்கிக்கு மட்டும் ஈரப்பதம் பிடிப்பதில்லை.
வேலைக்குக் கிளம்ப இன்னும் அரைமணி.
தலீத்தாவின் ஆட்டத்தைப் போட்டுவிட்டு
கைப்பிடியை மேசைமேல் வைக்கிறேன்.
யாரும் தொடவில்லை.
அவன் இடப்பக்கம் நடக்கிறான், நடக்கிறான்,
வேலியைத் தொட்டதும்
அந்தப் பக்கமிருந்து நாய் குரைக்கிறது.
கீழே தெருவில் ஒரு நாய்
பதில் சொல்கிறது.