தலை வராத படம்

மரவள்ளிப் பாலிலிருந்து மாவைப் பிரிக்கும்
புது எந்திரம் ஒன்றைப் பார்த்துவரச் சொல்லி
என்னை அனுப்பிவைத்தார் பொங்கியண்ணன்,
ஆத்தூர் ரோட்டில் சேகோ ஆலை வைத்திருப்பவர்.
விமானத்தில் எனக்கு நடு சீட்.
இரண்டு பக்கமும் தூங்கினார்கள்.

மூன்று நாள் வேலை இரண்டு நாளில் முடிந்தது.
மிச்ச நாளுக்குக் கம்பெனியில்
ஒரு பெண்ணைத் துணைக்கு அனுப்பினார்கள்.
பேர் கேட்டேன்.
'நோய்' என்றாள்.
அவர்கள் பேச்சில் 'சின்னது' என்று பொருளாம்.
நம்மூரில் இந்தப் பேரோடு
ஒரு ரேஷன் கார்டு வாங்கமுடியுமா
என்று கேட்க நினைத்து, விட்டுவிட்டேன்.

மூன்றாம் வகுப்பு ரயில். வயல், வயல், ஒரு எருமை.
பிறகு அயுத்தயா.
நானூறு வருஷத் தலைநகரம்,
ஆறுகள் சுற்றிவளைத்துக் காவல் காத்தும்
பர்மாப் படை வந்து கொளுத்திவிட்டது என்றாள்,
போன வாரம் பக்கத்துத் தெருவில் நடந்ததுபோல.

செங்கல்தான் மிச்சம்.
பாதி வெந்ததில் கூலித்தகராறு வந்து
விட்டுப்போன சூளை மாதிரி இருந்தது ஊர்.
சுவர் ஓரமாக வரிசையாய்ச்
சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார்கள்,
கழுத்துவரை.
நாற்பதுக்குமேல் எண்ணவில்லை.
சிலருக்குக் கையும் இல்லை.
இருந்த கைகள்
தலை போன சேதி இன்னும் வந்துசேராதவைபோல
மடியில் கிடந்தன.

ஒரே ஒரு முகத்தை மட்டும்
ஒரு மரம் வேருக்குள் வைத்திருக்கிறது.
விழுங்குகிறதா, ஏந்துகிறதா, தெரியவில்லை.
படமெடுக்கப் பக்கத்தில் போய் நின்றேன்.
விசில்.
அந்தத் தலைக்குமேல் எந்தத் தலையும் உயரக்கூடாதாம்.
உட்கார்.
இருபத்தாறு வருஷம் பம்புக்கு அடியில் மண்டியிட்ட
என் முழங்கால் சத்தமாகச் சொடுக்கியது.
நோய் சிரித்தது.

ஊர் திரும்பினேன்.
பஞ்சுமிட்டாயைச் சுருட்டிய அந்த ஊர் ரொட்டி
பையிலேயே கிடந்து கயிறாகியிருந்தது.
மகன் அதைக் கத்திரிக்கோலால் வெட்டித் தின்றான்.
பூங்காவனம் போனை வாங்கி
இரண்டு விரலால் படத்தை அகட்டிப் பார்த்தாள்.
"சாமி நல்லா விழுந்திருக்கு.
உங்க தலை எங்க?"
வாங்கிப் பார்த்தேன்.
சட்டைப் பாக்கெட், அதில் பேனா,
அதற்குக் கொஞ்சம் மேலே
படம் முடிந்துவிட்டது.

சனிக்கிழமை பேரிங் வாங்க டவுனுக்கு வந்தவன்
பெரியேரியில் வண்டியை நிறுத்தினேன்.
ஏன் நிறுத்தினேன் என்றால்
சொல்லத் தெரியாது.
தலைவெட்டி முனியப்பன்.
என் முதல் மொட்டை விழுந்தது இங்கேதான்.
என்றோ வெட்டுப்பட்ட தலையை
யாரோ சிமென்டு வைத்து ஒட்டியிருக்கிறார்கள்.
கொஞ்சம் கோணல். நான் ஒட்டியிருந்தால்
மட்டம் பார்த்திருப்பேன்.
இது முனியப்பன் இல்லை, புத்தர் என்று
கோர்ட்டு வரைக்கும் போய்த் தீர்ப்பு வந்தது.
டீக்கடையில் அன்றைக்கு
நானும் கத்தினவன்தான்,
எங்க முனியப்பனை எப்படிடா மாத்துவீங்க என்று.

இன்று முகத்தைப் பார்க்கவில்லை.
மடியைப் பார்த்தேன்.
ஒன்றன்மேல் ஒன்றாக
அந்தக் கைகள்.

போன் அடித்தது. பொங்கியண்ணன்.
"அந்த எந்திரத்துக்கு மோட்டார் எத்தனை எச்.பி.டா?"
சொன்னேன்.
"கரண்டு தாங்குமா?"
தாங்காது என்றேன்.
"சரி, வெயில்ல எங்க நின்னுட்டிருக்க?"
முழங்காலில் ஒட்டிய மண்ணைப் பார்த்தேன்.
விசில் ஊத அங்கே யாருமில்லை.

நிக்கலண்ணா, என்றேன்.