மேலே ஏற்றிய காற்புள்ளி

முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடை.
புளி போட்டுப் பித்தளை விளக்குகிறேன்,
விலைச்சீட்டு எழுதுகிறேன்.
போன மாதம் ஒரு வெள்ளைக்காரம்மா
தூக்குவாளியை உயர்த்தி
ஹூஸ்? என்றாள்.
எனக்கு ஹவுஸ் என்று கேட்டது.
ஹவுஸ் நோ சேல், வாளி ஒன்லி என்றேன்.

அதனால்தான் இந்த வகுப்பு.
செக்காலை ரோட்டில், பேக்கரிக்கு மேல் மாடி,
ராத்திரி ஏழரைக்கு.
ரோஸ்லின் மிஸ்ஸுக்கு என் மூத்தவள் வயசு.
பெயரை எழுது,
காற்புள்ளி ஒன்றைத் தூக்கி மேலே மாட்டு,
பக்கத்தில் ஓர் எஸ்,
அப்புறம் பொருள்.
இவ்வளவுதான் சொந்தம் என்றாள்.
ஆணியில் தொங்கும் சாவி மாதிரி இருந்தது எனக்கு.

ஒருத்தர் என்றால் எஸ்ஸுக்கு முன்னால்,
பலர் என்றால் பின்னால்.
பத்திரம் எழுதும் கதிரேசன் கை தூக்கினார்:
எங்க தெருவுல ஒரு வீட்டுக்கு முப்பத்தேழு பங்கு, மிஸ்.
நாலு பேரு மலேசியா, ஒருத்தர் எங்கன்னே தெரியல.
அத்தனை பேருக்கும் ஒத்தைப் புள்ளியா?
ஆமாம் என்றாள்.
இதைத்தானே பதினெட்டுப் பக்கம் எழுதுறேன் என்று
அவர் உட்கார்ந்துவிட்டார்.

நம்ம, எங்க
இரண்டுக்கும் ஒரே 'அவர்'தானாம் அவர்களுக்கு.
விளக்கும்போது 'நம்ம கடை' என்பார் முதலாளி,
சம்பளம் கேட்டால் அது 'எங்க கடை'.
பாவம், இங்கிலீஷ் முதலாளிகளுக்கு
அந்த வசதி இல்லை.

காய்ச்சலையும் ஹேவ் போட்டுக்
கையில் பிடித்துக்கொள்கிறார்கள்.
நமக்கு அது வரும், இருக்கும், போகும்.
ஐ ஹேவ் எ சிஸ்டர் என்று
பக்கத்துப் பையன் எழுதினான்.
நான் ஹேட் போட்டேன்.
சிவப்புப் பேனாவைத் திறந்த மிஸ்
என் முகத்தைப் பார்த்தாள்,
மூடிவிட்டாள்.

வீட்டுப்பாடம்: பத்துச் சொந்தம்.
கடையில் பேருக்கா பஞ்சம்?
ஒவ்வொரு பாத்திரத்தின் கழுத்திலும்
யாரோ ஒருவர் வெட்டப்பட்டிருக்கிறார்.
ராம. சித. தேனம்மை.
நம் புள்ளிகள் எல்லாம் தரையில்,
எழுத்தின் காலடியில்.
அதே பழக்கத்தில்
தேனம்மை, எஸ் தூக்குவாளி என்று
கீழே புள்ளி வைத்து எழுதினேன்.

நாலாவது வாக்கியத்தில் ஓர் அம்மா உள்ளே வந்தார்.
ஐம்பது இருக்கும். கையில் மருந்துக்கடைப் பை.
நேரே அந்த வாளியிடம் போனார்,
பெயரைக் கட்டைவிரலால் தடவினார்.
என்ன விலை?
நாலாயிரத்து எண்ணூறு.
வாளிக்கா, பேருக்கா?
பேர் இருந்தா ஐந்நூறு கூடும்மா.
உண்மையைத்தான் சொன்னேன்.
சொன்ன பிறகுதான் புரிந்தது.

சீர் பட்டியல்ல நாப்பத்தோராவது வரி இது, என்றார்
சுவரைப் பார்த்து.
எண்ணி வாங்கிக்கிட்டாக.
நான் கெளம்பி வந்தப்ப
பட்டியலைக் காணோம்னாக.

முதலாளியைக் கேட்டுச் சொல்கிறேன் என்று
எழுந்திருக்கப் போனேன்.
வேண்டாம் என்று கையமர்த்தினார்.
என் நோட்டைத் திருப்பி வைத்துப் படித்தார்.
பேனாவை வாங்கினார்.
கீழே இருந்த காற்புள்ளியை அடித்துவிட்டு
மேலே ஒன்று போட்டார், அழுத்தமாக,
அடுத்த தாளிலும் பதியும்படி.
சரி, வரட்டுமா, என்றார்.

வாளி இன்னும் மூன்றாவது தட்டில்தான் இருக்கிறது.
விலைச்சீட்டை நான் மாற்றவில்லை.
மாற்ற அது என் வாளியுமில்லை.

நோட்டைத் திருத்திய மிஸ்
நாலாவது வரியில் விரல் வைத்தாள்.
ஹூஸ் ஹேண்ட்ரைட்டிங்?
இந்தத் தடவை சரியாகக் கேட்டது.
ஹர்ஸ், என்றேன்.

எழுதிக் காட்டச் சொன்னாள்.
எழுதினேன்.
அந்த ஒரு சொல்லுக்கு
மேலேயும் வேண்டாம், கீழேயும் வேண்டாம்,
புள்ளியே கிடையாதாம்.