ஈரம் காயுமுன்

உலான்-உதேயில் ஜனவரி.
வெளியே சுழியத்துக்குக் கீழே முப்பத்தெட்டு.
உள்ளே வெந்நீர்க் குழாய்கள் சுவரோரம் முனகி
அறையின் ஈரத்தையெல்லாம் குடித்துவிடும்.
துவைத்துப் போட்ட துண்டு
ஒரு மணி நேரத்தில் பலகையாய் விறைத்து நிற்கும்.

அந்தக் காற்றில்தான்
செசெக்மாவின் கைகள் வெடித்தன.

குறைமாதக் குழந்தைகள் வார்டில் செவிலி.
ஒரு ஷிப்டுக்கு அறுபது முறை கை கழுவுகிறாள்.
நான் எண்ணவில்லை, அவளே சொன்னாள்
ஒருநாள் சாப்பாட்டுக்கு நடுவே
ரொட்டியைப் பிய்க்க முடியாமல்.
விரல் மடிப்புகளில் சிவப்புக் கோடுகள்.
கைபேசிகூட அவள் ரேகையை ஏற்கவில்லை:
மீண்டும் முயலவும், மீண்டும் முயலவும்.
பிறகு கடவு எண் கேட்டது
வாசலில் நிற்கும் அந்நியளிடம்
யார் நீ என்பதுபோல்.

நான் கணப்படுப்பு கட்டுகிறவன்.
செங்கல்லுக்கு வெளியே எனக்கொன்றும் தெரியாது.
ரோஜா மணக்கும் டப்பா ஒன்று வாங்கிவந்தேன்,
மூடியில் தங்க எழுத்து.
தடவினாள்.
"எரியுது சோரிக்தோ" என்று
பனி படர்ந்த ஜன்னல் கண்ணாடியில்
உள்ளங்கைகளை ஒட்டிக்கொண்டாள்.

தோல் மருத்துவர் லாரிசா போரிசோவ்னா
மருந்துச் சீட்டின் பின்புறம் படம் போட்டார்.
செங்கல், செங்கல், செங்கல்.
இவை செத்த செல்கள் என்றார்.
நடுவில் ஓடும் கோடுகள் கொழுப்பு.
சோப்பு அரிப்பது இந்தக் கோடுகளைத்தான்.
கோடு போனால்
உள்ளே இருக்கும் நீர் வெளியே,
வெளியே இருக்கும் எரிச்சல் உள்ளே.

சிரித்துவிட்டேன்.
எனக்குத் தெரிந்த ஒரே பாடத்தை
என் மனைவியின் கையில் வைத்து நடத்துகிறாரே!
சாந்து உதிர்ந்த அடுப்பை நான் அறிவேன்.
செங்கல் நன்றாகத்தான் இருக்கும்,
இடுக்கு வழியே புகை அறைக்குள் கசியும்.
இடித்துக் கட்டச் சொல்வார்கள் வீட்டுக்காரர்கள்.
வேண்டாம், இடுக்கை அடைத்தால் போதும் என்பேன்.

வாசனையே இல்லாத வெள்ளைக் களிம்பு.
செராமைடு என்றார், அது காணாமற்போன சாந்து.
கிளிசரின் நீரை இழுத்துப் பிடிக்கும்.
இரவில் மேலே வாசலின், அது பூச்சு.
"கழுவிய கையை ஒற்றியெடுங்க, தேய்க்காதீங்க.
ஈரம் காயுமுன் தடவுங்க.
மூணு நிமிஷம், அதுக்குள்ள."

இதுவும் தெரிந்ததுதான்.
காய்ந்த செங்கல்லில் சாந்து வைத்தால்
செங்கல் அதன் நீரையும் உறிஞ்சிவிடும்.
நனைத்து வைத்தால்தான் பிடிக்கும்.

இரவுகளில் நான் தடவிவிட்டேன்.
பருத்திக் கையுறை மாட்டிப் படுத்தாள்
கைரேகை விடாத கொள்ளைக்காரியைப் போல.
இருட்டில் பேசினாள்.
வார்டில் ஒன்று, இருபத்தாறே வாரம்.
கண்ணாடிப் பெட்டிக்குள் காற்றையே
ஈரமாக்கி வைத்திருக்கிறோம்.
வெங்காயத்தின் உள்சவ்வு போல் தோல்.
"அதுக்கு இன்னும் சுவரே எழும்பல.
எனக்கு இருந்தது இடியுது."

பத்தாம் நாள் கோடுகள் மங்கின.
நிறுத்திவிட்டாள்.
நான்காம் நாள் மறுபடி ரத்தம்.
டப்பாவை மேசையில் ஓங்கி வைத்தாள்.
ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும்
அடுப்பின் இடுக்குகளைப் பார்த்துத்தான் ஆகணும் என்று
சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.
கணவன் வாயிலிருந்து வரும் உபதேசம்
உண்டாக்கும் எரிச்சலுக்குக் களிம்பு கிடையாது.
மூடியை மட்டும் திறந்து வைத்தேன்.

மார்ச் கடைசி.
செலெங்கா இன்னும் உறைந்தே கிடந்த ஒரு காலை,
ஷூ மாட்டிக்கொண்டு வாசலில் நின்றவள்
கைபேசியில் கட்டைவிரலை வைத்தாள்.
திறந்தது.
மூடினாள். மறுபடி வைத்தாள்.
திறந்தது.
யாரையும் அழைக்கவில்லை, எதையும் படிக்கவில்லை.

பஸ் போய்விடும் என்றேன்.
"இன்னொரு தடவை" என்றாள்.